எர்ரர் வராத தேதிப் பிழை: ஆர் மொழியில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோவிட்-19 தரவை ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் கையாண்டபோது எங்கள் குழுவில் எழுந்த சிக்கல் இது. இந்தியாவின் தினசரித் தொற்று எண்ணிக்கையை வாரவாரியாகத் தொகுத்து, 2020 ஊரடங்கின் முதல் நான்கு கட்டங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான். வரைபடம் சரியாகவே வந்துவிட்டது. ஆனால் ஊரடங்கு அட்டவணையோடு தேதி வாரியாக இணைத்ததும், 'கட்டம்' என்ற நெடுவரிசை மேலிருந்து கீழ்வரை என்ஏ (NA), அதாவது மதிப்பு இல்லை. ஒரு நாள்கூடப் பொருந்தவில்லை.

"எர்ரரே வரலையே அக்கா, அப்புறம் எப்படி?" என்று நிரலை எழுதிய தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடியதில் கிடைத்ததைத்தான் முழுசாக எழுதிவைக்கிறேன். டெக்ஸ்டைத் தேதியாக மாற்றும்போது ஆர் கத்தினால் பயமில்லை, உடனே திருத்திவிடலாம். கத்தாமல் ஒரு தேதியைக் கையில் கொடுக்கும்போதுதான் நின்று பார்க்க வேண்டும். இந்த ஒரே தரவுத் தொகுப்பில் அப்படிப்பட்ட இடங்கள் பல இருக்கின்றன.

தரவு எப்படி இருக்கிறது

இந்தத் தரவின் முக்கியக் கோப்பில் நாடு அல்லது மாநிலத்துக்கு ஒரு வரிசை. முதல் நான்கு நெடுவரிசைகள் மாநிலம், நாடு, அட்சரேகை, தீர்க்கரேகை. அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு நெடுவரிசை. தேதி என்பது நெடுவரிசையின் தலைப்பிலேயே இருக்கிறது: 1/22/20 என்று தொடங்கி 3/9/23 என்று முடியும். 2020 ஜனவரி 22 முதல் 2023 மார்ச் 9 வரை, மொத்தம் 1143 நாட்கள். வரிசை அமெரிக்க வழக்கப்படி: மாதம், நாள், இரண்டு இலக்க ஆண்டு. ஒற்றை இலக்க மாதத்துக்கும் நாளுக்கும் முன்னால் பூஜ்ஜியம் கிடையாது.

ரீட்.சிஎஸ்வி கட்டளையால் படித்தால் இன்னொரு மாற்றமும் நடக்கும். எண்ணில் தொடங்கும் தலைப்பை அது ஏற்காது. 1/22/20 என்பதை எக்ஸ்1.22.20 என்று மாற்றி வைத்துவிடும். சாய்கோடுகள் புள்ளிகளாகிவிடும். ரீட்ஆர் என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பின் ரீட்_சிஎஸ்வி தலைப்பை உள்ளபடியே விட்டுவிடும். எந்தக் கட்டளையால் படித்தோம் என்பதைப் பொறுத்துத் தேதியின் வடிவக் குறிப்பும் மாறும் என்பதால் முதலில் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இருபதாம் ஆண்டு

தலைப்புகளைப் பிவட்_லாங்கர் கொண்டு ஒரே நெடுவரிசையாக்கி, டெக்ஸ்டைத் தேதியாக்கும் ஆஸ்.டேட் கட்டளையை அப்படியே கொடுத்தால் எர்ரர் வரும். வடிவம் சொல்லாவிட்டால் ஆஸ்.டேட் இரண்டே வடிவங்களைத்தான் முயன்று பார்க்கும். ஆண்டு-மாதம்-நாள் என்று சிறுகோட்டோடு ஒன்று, அதே வரிசை சாய்கோட்டோடு இன்னொன்று. 1/22/20 என்பதில் ஆண்டு 1, மாதம் 22 என்று வருவதால் இரண்டும் பொருந்தாது. குழப்பமற்ற நிலையான வடிவத்தில் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். இது நல்ல எர்ரர்.

அடுத்துத் தம்பி வடிவத்தைக் கொடுத்தான். மாதத்துக்குச் சின்ன எம் (m), நாளுக்குச் சின்ன டி (d), ஆண்டுக்குப் பெரிய ஒய் (Y). எர்ரர் போய்விட்டது. ஆனால் பெரிய ஒய் முழு ஆண்டை எதிர்பார்ப்பது. அதனிடம் 20 என்று கொடுத்தால், கி.பி. 20 என்றுதான் எடுத்துக்கொள்ளும். உள்ளீட்டில் 0 முதல் 9999 வரை எந்த ஆண்டையும் ஆர் ஏற்கும், ஆகவே அதன் பார்வையில் இதில் தப்பே இல்லை. 1/22/20 என்பது 0020-01-22 ஆகிவிட்டது. ஊரடங்கு அட்டவணையில் இருப்பதோ 2020-03-25. இரண்டுக்கும் நடுவே 2000 வருஷம். இணைப்பு எப்படிப் பொருந்தும்?

சரி, இதை ஏன் வரைபடத்திலேயே யாரும் பார்க்கவில்லை? அச்சில் மாதப் பெயரும் இரண்டு இலக்க ஆண்டும் வருமாறு எழுதியிருந்தோம். கி.பி. 2020 ஆனாலும் கி.பி. 20 ஆனாலும் அங்கே விழுவது 'ஜன 20' என்பதுதான்.

இதைவிட ஆச்சரியம், வாரவாரித் தொகுப்பும் சரியாக இருந்தது. திங்கள் திங்களாகவே இருந்தது, ஞாயிறு ஞாயிறாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பரிசோதனை குறைவதால் வரும் சரிவுகூட உரிய இடத்தில் இருந்தது. காரணம் நாட்காட்டிக் கணக்கு. கிரிகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பவும் தொடங்கும். 400 ஆண்டு என்பது 1,46,097 நாட்கள், அதாவது மீதியில்லாமல் 20,871 வாரங்கள். 2000 ஆண்டு என்பது அந்தச் சுழற்சி ஐந்து முறை. ஆர் தன் நாட்காட்டியைப் பழங்காலத்துக்கும் அப்படியே நீட்டிக் கணக்கிடுவதால், கி.பி. 20-க்கும் 2020-க்கும் கிழமையும் ஒன்று, லீப் ஆண்டும் ஒன்று, இரு தேதிகளுக்கு இடையிலான நாட்கணக்கும் ஒன்று. எல்லாச் சோதனைகளையும் தாண்டிவிடும் பிழை இது. ஆண்டைக் கண்ணால் பார்த்தால் மட்டும்தான் மாட்டும்.

பெரிய ஒய்யை எடுத்துவிட்டுச் சின்ன ஒய் போட்டதும் 2020 வந்துவிட்டது. சின்ன ஒய்யின் விதி வேறு: 00 முதல் 68 வரை 2000-களில் வைக்கும், 69 முதல் 99 வரை 1900-களில் வைக்கும். கோவிட் தரவுக்கு இது பாதகமில்லை. பிறந்த தேதி இருக்கும் கோப்புகளில் கவனம் தேவை. 1965-இல் பிறந்தவர் 65 என்று எழுதப்பட்டிருந்தால் 2065-இல் பிறப்பார்.

எழுத்தின் அளவு மாதத்திலும் காலை வாரும். சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். பெரிய எம்மைப் போட்டுவிட்டால் மாதம் கொடுக்கப்படவே இல்லை என்று ஆர் எடுத்துக்கொண்டு, நிரலை ஓட்டும் அன்றைக்கு எந்த மாதமோ அதை வைத்து நிரப்பும். இன்று ஒரு விடை, அடுத்த மாதம் வேறு விடை.

நம்ம வழக்கப்படி படித்தால்

நடுவில் குழுவில் இன்னொருவர் தேதிகளுக்கென்றே உள்ள லூப்ரிடேட் தொகுப்பின் டிஎம்ஒய் கட்டளையைக் கொண்டு முயன்றார். நாள், மாதம், ஆண்டு என்பதுதானே நமக்குப் பழக்கம். கை தானாக அங்கே போகிறது. இந்த வழியில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். இந்தியாவில் தரவோடு வேலை செய்கிறவர்கள் அதிகம் விழும் குழி இதுதான் என்பது என் கருத்து.

1/22/20 முதல் 1/31/20 வரை எல்லாம் என்ஏ. 22-ஆம் மாதம் என்று ஒன்று இல்லையே. 2/1/20 வந்ததும் மாற்றம் வெற்றி: 2020 ஜனவரி 2. தரவே ஜனவரி 22-இல்தான் தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. 2/2/20 பிப்ரவரி 2, இது தற்செயலாகச் சரி. 2/3/20 மார்ச் 2. இப்படியே போய் 2/12/20 என்பது டிசம்பர் 2 ஆகும். 2/13/20 மறுபடி என்ஏ.

1143 தலைப்புகளில் நாள் 12-க்கு மேல் இருப்பவை 690. அவை எல்லாம் என்ஏ. மீதி 453 தேதியாகும். அந்த 453-இல் நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பவை 38 மட்டும்தான் சரி. மற்ற 415-உம் தப்பான தேதிகள், ஆனால் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாத தேதிகள். என்ஏ ஆன 690 பற்றி லூப்ரிடேட் எச்சரிக்கை தரும். ஆஸ்.டேட்டில் வடிவம் கொடுத்துச் செய்தால் அந்த எச்சரிக்கையும் இல்லை. தப்பான 415 பற்றி இரண்டுமே வாய் திறக்காது.

இங்கே பலரும் செய்யும் அடுத்த காரியம் என்ஏ இருக்கும் வரிசைகளை நீக்குவது. இந்த இடத்தில் அது மிக மோசமான முடிவு. 'ஏதோ தரவு சரியில்லை' என்று நமக்குக் கைகாட்டிக்கொண்டிருந்த ஒரே சாட்சி அந்த 690 என்ஏக்கள்தான். அவற்றை நீக்கினால் மிஞ்சுவது, பத்தில் ஒன்பதுக்கு மேல் தப்பான, ஆனால் ஒரு என்ஏகூட இல்லாத சுத்தமான அட்டவணை. நெடுவரிசையில் பாதிக்கு மேல் என்ஏ வந்தால் அதை அழுக்கு என்று துடைக்காமல், எந்தெந்த மூலச் சரங்கள் (மாற்றுவதற்கு முன்பிருந்த டெக்ஸ்ட்) என்ஏ ஆயின என்று எடுத்துப் படிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இரண்டாவது எண் எப்போதும் 13-லிருந்து 31-க்குள் இருந்தால், மாதமும் நாளும் இடம் மாறியிருக்கின்றன என்பது அப்போதே விளங்கிவிடும்.

வரைபடம் காட்டிக்கொடுக்குமா? இந்தத் தரவில் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் கோப்பில் உள்ள எண்கள் அன்றுவரையிலான மொத்தக் கூட்டுத்தொகை. தேதியைத் தப்பாகப் படித்து வரிசைப்படுத்தினால், 2020-இன் ஒவ்வொரு மாதத்திலும் 2-ஆம் தேதி முதல் 12-ஆம் தேதி வரை மட்டும் புள்ளிகள் விழும். அந்தப் பதினொரு நாளுக்குள் கோடு பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை ஏறிவிடும். இந்தியாவின் வரிசையில் ஒற்றை இலக்கத்தில் தொடங்கி 90 லட்சத்தைத் தாண்டும். அடுத்த மாதம் 2-ஆம் தேதி மறுபடி கீழே விழும். ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு. மழையளவு, விற்பனை, மின்கட்டணம் மாதிரி ஏறி இறங்கும் தரவாக இருந்தால் இந்த வடிவம் தெரியாது. இரைச்சல் என்று விட்டுவிடுவோம்.

இதே பிழையை எக்செலும் செய்யும், அதுவும் நாம் கேட்காமலேயே. நாள்-மாத வரிசையில் அமைத்த கணினியில் கோப்பை ஒருமுறை எக்செலில் திறந்து, எக்செல் கோப்பாகவே சேமித்துவிட்டால், அந்த 453 தலைப்புகளும் உள்ளே வரிசை எண்களாகிவிடும் (ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய நாட்கணக்கு), 690 டெக்ஸ்டாகவே நிற்கும். 2/1/20 என்ற பிப்ரவரி 1-ஐ எக்செல் ஜனவரி 2 என்று நம்பி 43832 என்று வைத்திருக்கும். அந்த எண்ணை ஆருக்குள் கொண்டுவந்து, ஆரின் சொந்தத் தொடக்க நாளான 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணினால் 2090-ஆம் ஆண்டு வரும். 1899 டிசம்பர் 30 என்ற தொடக்கம் கொடுத்தால் எக்செலின் தேதி வரும். (டிசம்பர் 30 ஏன் என்றால், லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாகக் கொண்ட பிழையை, பொருத்தம் கருதி எக்செலும் அப்படியே வைத்துக்கொண்டது.) அதற்குப் பிறகும் மாதத்தையும் நாளையும் இடம் மாற்றினால்தான் உண்மையான தேதி. ஒரே நெடுவரிசையில் ஐந்து இலக்க எண்களும் சாய்கோட்டுத் தேதிகளும் கலந்து கிடந்தால், சரிசெய்ய உட்காருவதைவிட மூலக் கோப்பைத் திரும்ப இறக்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

தினசரி அறிக்கைகள்

இதே தரவுக் களஞ்சியத்தில் நாளுக்கு ஒரு தனிக் கோப்பாகவும் அறிக்கைகள் இருக்கின்றன. கோப்பின் பெயர் 01-22-2020 என்கிற மாதிரி, மாதம் முதலில். உள்ளே 'கடைசிப் புதுப்பிப்பு' என்ற பொருளில் ஒரு நெடுவரிசை. அதன் வடிவம் காலப்போக்கில் மாறியது. முதல் நாள் கோப்பில் 1/22/2020 17:00. பிப்ரவரியில் 2020-02-02, நடுவில் பெரிய டி (T) என்ற எழுத்து, அப்புறம் 23:43:02. மார்ச் 22-இல் 3/22/20 23:45. மறுநாள் 2020-03-23 23:19:34 என்ற வடிவம். மார்ச் 22-இலேயே நெடுவரிசையின் பெயரில் இருந்த இடைவெளியும் அடிக்கோடாகிவிட்டது. ஒரு பெருந்தொற்றின் நடுவே, நாளுக்கு நாள் புதுப் புது மூலங்களைச் சேர்த்து உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த தரவு. வடிவம் மாறியதில் வியப்பில்லை. அந்தக் குழுவுக்கு என் நன்றி எப்போதும் உண்டு. ஆனால் இதை ஒன்றாகச் சேர்க்கிறவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், எல்லாக் கோப்பையும் டெக்ஸ்டாகவே படிக்கச் சொல்ல வேண்டும். ரீட்_சிஎஸ்வியை அதன் போக்கில் விட்டால் சில கோப்புகளில் அந்த நெடுவரிசையை நேரமாகவும் சிலவற்றில் டெக்ஸ்டாகவும் ஊகித்துக்கொள்ளும். பிறகு ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கும்போது மோதும்.

அடுத்தது, ஆஸ்.டேட்டுக்கு முயன்று பார்க்க வேண்டிய வடிவங்களைக் கொடுக்கும் ட்ரைஃபார்மட்ஸ் பற்றிப் பரவலாக இருக்கும் ஒரு தப்பான நம்பிக்கை. நான்கு வடிவங்களைப் பட்டியலாகக் கொடுத்தால், ஒவ்வொரு மதிப்புக்கும் பொருந்துவதைத் தேடி எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். அது அப்படிச் செய்யாது. என்ஏ அல்லாத முதல் மதிப்பை மட்டும் பார்த்து ஒரு வடிவத்தைத் தேர்ந்துவிட்டு, மற்ற அத்தனைக்கும் அதையே போடும். நம் தொகுப்பில் முதல் மதிப்பு 1/22/2020 17:00. ஆகவே மாதம், நாள், பெரிய ஒய் என்று முடிவாகும். பிப்ரவரி வரிசைகள் என்ஏ. மார்ச் 22 வரிசைகள் மறுபடி கி.பி. 20.

சின்ன ஒய் கொடுத்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஆர், வடிவம் முடிந்ததும் சரத்தில் மிச்சம் இருப்பதைக் கண்டுகொள்ளாது. 1/22/2020 என்பதில் சின்ன ஒய் முதல் இரண்டு இலக்கமான 20-ஐ எடுத்துக்கொண்டு 2020 என்று சொல்லும். பின்னால் நிற்கும் 20 உதறப்படும். விடை சரி! ஆனால் அது 2020-இல் மட்டும் நடக்கும் தற்செயல். 1/22/2021 கொடுத்தாலும் 2020 என்றே வரும், 1/22/2019 கொடுத்தாலும் 2020-தான். உங்கள் தரவு முழுவதும் திடீரென்று 2020-க்குள் சுருண்டுவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒய்யைத்தான்.

நாங்கள் செய்தது, வடிவங்களைத் தனித்தனியாகப் பிரித்தது. நான்கு இலக்க ஆண்டோடு முடியும் சாய்கோட்டு வடிவம், இரண்டு இலக்க ஆண்டோடு முடிவது, ஆண்டில் தொடங்கி நடுவில் T உள்ளது, ஆண்டில் தொடங்கி இடைவெளி உள்ளது என்று நான்கு ஒழுங்குமுறைத் தேடல்கள் (எழுத்துகளின் அமைப்பைக் கொண்டு தேடும் ரெஜெக்ஸ்). ஒவ்வொரு வரிசையும் இந்த நான்கில் சரியாக ஒன்றில் மட்டும் விழ வேண்டும். எதிலும் விழாததோ, இரண்டில் விழுவதோ ஒன்றே ஒன்று இருந்தாலும் நிரல் அங்கேயே நிற்கும். அப்புறம்தான் அந்தந்தக் கூட்டத்துக்கு அதனதன் வடிவம். நாலு வரி கூடுதல் வேலை. ஆனால் அடுத்த மாதம் ஐந்தாவது வடிவம் ஒன்று வந்தால் அன்றைக்கே தெரியும்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு ஒரு கேள்வி: எந்தத் தேதி நமக்கு வேண்டும்? 'கடைசிப் புதுப்பிப்பு' என்பது அந்த வரிசை எப்போது மாற்றப்பட்டது என்பதைச் சொல்வது. எண்ணிக்கை மாறாத இடங்களுக்குப் பழைய நேரமே நின்றிருக்கும். அறிக்கை நாள் என்பது கோப்பின் பெயரில்தான் இருக்கிறது. போதாததற்கு அந்த நேரங்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரம். 2020-03-23 23:19:34 என்பது இந்திய நேரப்படி மார்ச் 24 விடிகாலை 4:49. நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று கொடுத்துத் தேதியாக்கினால் ஒரு நாள் தள்ளிப்போகும். அது தப்பு என்று சொல்ல மாட்டேன், எந்த நாள் வேண்டும் என்பதை நாம் முடிவு செய்து நிரலில் வெளிப்படையாக எழுத வேண்டும். இந்த ஆய்வுக்குக் கோப்புப் பெயரின் தேதியையே எடுத்துக்கொண்டோம்.

எதைக் கொண்டு சரிபார்த்தோம்

மாற்றிய தேதியை அந்தத் தேதியைக் கொண்டே சோதிக்க முடியாது என்பதைக் கி.பி. 20 காட்டிவிட்டது. வெளியிலிருந்து நமக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று வேண்டும். இந்தியாவில் முதல் தொற்று 2020 ஜனவரி 30-இல் கேரளத்தில் உறுதியானது. இலங்கையில் ஜனவரி 27. தரவில் இந்தியாவின் வரிசை ஜனவரி 30-இல் 0-இலிருந்து 1 ஆக வேண்டும். பிப்ரவரி 2-இல் 2, பிப்ரவரி 3-இல் 3. இலங்கையின் வரிசை 27-இல் 1 ஆக வேண்டும். இந்த நாலைந்து இடங்களை நிரலிலேயே நிபந்தனையாக எழுதிவிட்டோம். மாதமும் நாளும் மாறினால் ஜனவரி 30 என்ற தேதியே அட்டவணையில் இருக்காது, ஆண்டு தப்பினாலும் இருக்காது. இரண்டு பிழைக்கும் ஒரே பொறி.

கூடவே எளிய சில: என்ஏ பூஜ்ஜியமா, மிகச் சிறிய தேதி 2020 ஜனவரி 22-ஆ, மிகப் பெரியது 2023 மார்ச் 9-ஆ, வெவ்வேறு தேதிகள் 1143-ஆ, வரிசைப்படுத்தினால் அடுத்தடுத்த தேதிகளின் வித்தியாசம் எப்போதும் 1-ஆ. கடைசிச் சோதனை டிஃப் கட்டளையில் ஒரே வரி. பத்து நாள் தரவாக இருந்தாலும் இதை விடக்கூடாது என்பேன்.

தேதி சரியான பிறகும் ஒரு இடத்தில் கவனித்தோம். ஊரடங்குக்கு முன், பின் என்று பிரிக்க இஃப்எல்ஸ் கட்டளையைப் பயன்படுத்தினால், தேதியின் வகை கழன்று வெறும் எண்ணாகத் திரும்பும். 2020 மார்ச் 25 என்பது 18346 என்று வந்து நிற்கும். டிப்ளையர் தொகுப்பின் இஃப்_எல்ஸ் அந்த வகையைக் காப்பாற்றும். ஐந்து இலக்க எண்ணைப் பார்த்ததும் எக்செல் வேலை என்று சந்தேகப்பட்டு அதன் தொடக்க நாளைக் கொடுத்துவிட்டால், இருந்த சரியான தேதியும் 1950-க்குப் போய்விடும்.

சின்ன ஒய்யோடு திருத்திய நிரலை ஓட்டி, ஊரடங்கு அட்டவணையோடு மறுபடி இணைத்தோம். மார்ச் 25 முதல் ஏப்ரல் 14 வரை 21 நாள், மே 3 வரை 19, மே 17 வரை 14, மே 31 வரை 14. கட்டம் நிரம்பிய வரிசைகள் 68. நாட்காட்டியில் கையால் எண்ணினாலும் 68. அந்த எண்ணையும் நிபந்தனையாக நிரலில் சேர்த்துவிட்டு வாரவாரித் தொகுப்புக்குப் போனோம்.